பக்கம் இரண்டு

கிரிம்ஸ்பியில், மீன் வறுக்கும் கடைக்கு மேல்மாடியில்
ஒரு வக்கீல் அலுவலகம்.
கடிதத்தாளிலும் வினிகர் வாசம் அடிக்கும்.
அங்கே தட்டச்சு செய்பவள் யுர்கிதா,
லித்துவேனியாக்காரி.

ஆங்கிலத்தை அவள் பள்ளியில் படித்தவள் இல்லை.
துறைமுகத்து மீன் ஆலையில்
விரல் மரத்த குளிரில் படித்தாள்.
லீவ் என்ற வினைச்சொல்
ஒரு கத்தலாகத்தான் முதலில் வந்தது:
"லீவ் இட்!"
தொடாதே, அப்படியே கிடக்கட்டும்.
மறுநாள் மேற்பார்வையாளர் கேட்டார்,
எத்தனை பெட்டி லெஃப்ட்?
அவள் வாசலில் நகரும் லாரியைக் காட்டினாள்,
போன பெட்டிகளைக் கேட்கிறார் என்று.
அவர் கேட்டது போகாத பெட்டிகளை.

அன்றிரவு நோட்டில் எழுதினாள்:
போனதற்கும் இதே சொல்.
போகாமல் மிஞ்சியதற்கும் இதே சொல்.
இவர்கள் எப்படித்தான் கணக்கு முடிக்கிறார்களோ.

நமக்கென்ன, லீவ் என்றால்
திங்கட்கிழமைத் தலைவலி, இரண்டு வரிக் கடிதம்.
அப்பா செத்தபோது அவள் கேட்டதும் லீவ்தான்.
நான்கு நாள் கிடைத்தது.
ஒரு நாள் விமான நிலைய நாற்காலியிலேயே போயிற்று.

பிப்ரவரியில் ஒரு கடிதம் அடித்தாள்.
பெறுநர்: திருமதி க்ளென்டா ஆஸ்கர்பி.
காலஞ்சென்ற திரு. நோரிஸ் ஆஸ்கர்பியின் உயில்படி
தங்களுக்குத் தெரிவிப்பது யாதெனில்,
"யூ ஹேவ் பீன் லெஃப்ட்"

அதோடு தாள் முடிந்தது.
என்ன, எது, எவ்வளவு
எல்லாம் பக்கம் இரண்டில்.
பக்கம் இரண்டு அச்சுப்பொறித் தட்டிலேயே கிடந்தது.
உறைக்குள் போனது ஒன்று மட்டும்.

அந்த வினைக்குப் பின்னால்
ஒரு பொருள் வந்து நின்றால் நீங்கள் வாரிசு.
எதுவும் வராவிட்டால்
கைவிடப்பட்டவர்.
இலக்கணம் இவ்வளவுதான்.
தபால்காரர் இலக்கணம் பார்த்து உறை போடுவதில்லை.

வியாழக்கிழமை அவளே படியேறி வந்தாள்.
எழுபத்திரண்டு வயது, முழங்காலில் பட்டை,
தலையில் மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை.
தாளை மேசையில் விரித்து வைத்தாள்.
"ரொம்ப நன்றி, பெண்ணே.
நான் கைவிடப்பட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.
எண்பத்தேழிலேயே எனக்குத் தெரியும்.
ஆனால் இதுவரை யாரும்
அலுவலக முத்திரை வைத்துச் சொன்னதில்லை."

யுர்கிதா வாங்கிப் படித்தாள்.
ஓர் எழுத்தில்கூடப் பிழை இல்லை.
காது மடல் சுட்டது.
தட்டில் தேடி, காபிக் கறை பட்ட
பக்கம் இரண்டை எடுத்து வந்தாள்.

விட்டுப் போனவன் விட்டுப் போனது:
பதினான்காம் எண் தோட்டத்தில் ஒரு மரக்கொட்டகை,
உள்ளே இருப்பவற்றோடு.
முந்நூற்று நாற்பது பவுண்டு.
பந்தயப் புறாக்களுக்கு நேரம் குறிக்கும் கடிகாரம் ஒன்று.
செலவு போக மீதி ஏதும் இருந்தால், அது.
மீதிக்கும் அதே சொல்தான்.

க்ளென்டா கடிகாரம் என்ற இடத்தில் விரலை வைத்தாள்.
"புறா எத்தனை மணிக்கு வீடு திரும்பியது என்று
நொடி பிசகாமல் குறித்து வைப்பான்" என்றாள்.
கீழே எண்ணெய் சடசடத்தது.

"எல்லாவற்றையும் ஒரே தாளில்
புதிதாக அடித்துத் தரட்டுமா?"

"லீவ் இட்."

மீன் ஆலையில் கேட்ட குரல் இல்லை இது.
விடு என்கிறாளா,
இருக்கட்டும் என்கிறாளா,
என்னிடமே விட்டுவிடு என்கிறாளா.
யுர்கிதா கேட்கவில்லை.
கேட்டால் அவளுக்கே தெரிந்திருக்குமா என்றும் தெரியவில்லை.

கொட்டகைச் சாவியையும் பக்கம் ஒன்றையும்
கைப்பையில் போட்டுக்கொண்டு
ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.
பக்கம் இரண்டு மேசையில் கிடந்தது.

சன்னல் வழியே பார்த்தாள்:
ஒன்பதாம் எண் பஸ் திருப்பத்தில் மறைகிறது.
நிறுத்தத்தில் அந்தப் பிளாஸ்டிக் உறை மட்டும்
மழையில் மினுங்கிக்கொண்டு.

இரண்டுக்கும் ஒரே சொல்.

கோட்டுக்குக் கை நீட்டி,
எடுக்காமலே,
பக்கம் இரண்டோடு ஓடினாள்.